ஏழாமிடமும் ஒரு பேணி சரக்குத்தூளும்

மே 25, ஞாயிறு

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். போன ஆவணியில், மார்ஷ்கேட் ரோவர்ஸ் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்று அடியில் கிடந்தபோது, லண்டன் ஈஸ்ட்ஹாம் சீலன் கடையில் ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் பிளேன்டீயுமாக நின்று சொன்னேன்: இந்த வருஷம் எங்கள் கால்பந்துக் கிளப் ஐரோப்பா போகும். இன்றைக்குக் கடைசி ஆட்டமும் முடிந்து நாங்கள் ஏழாமிடம். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கு என் முதுகில் தட்டினார்கள். நான் ஒவ்வொரு ஆவணியும் இதையேதான் சொல்லுகிறேன் என்று பேரின்பம் சொன்னான். விடாமல் சொல்லுவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

ஏழாவதாக வந்தவனுக்கு எதற்கு ஐரோப்பா என்று வீட்டில் என் மனைவி மங்களம் கேட்டாள். விளக்கினேன். ஐரோப்பாவில் கிளப்புகளுக்கு மூன்று கோப்பைகள்: பெரியது, நடுவில் ஒன்று, சின்னது. மேலே வந்தவர்களுக்குப் பெரியது. இங்கே உள்ளூர்க் கோப்பை வென்ற கிளப்புக்கும் ஓர் இடம் உண்டு; ஆனால் அந்தக் கிளப் ஏற்கெனவே மேலே இடம் பிடித்துவிட்டது. ஒருவனுக்குப் பந்தியில் இரண்டு இலை போட்டால் ஒன்றில்தானே சாப்பிடுவான்? மற்ற இலை பின்னுக்கு நிற்கிறவனுக்கு. அது எங்களுக்கு. அதுவும் நேரே இல்லை. ஆவணியில் வேறொரு நாட்டுக் கிளப்போடு அங்கே ஒரு ஆட்டம், இங்கே ஒரு ஆட்டம். இரண்டையும் கூட்டி வென்றால்தான் சின்னக் கோப்பைக்குள் கால் வைக்கலாம்.

“அப்ப மிச்ச இலைக்குத்தான் இவ்வளவு துள்ளலோ?” என்றாள்.

பிறகு எந்த நாட்டுக் கிளப் வரும், ஜெர்மனிப் பக்கமும் வருமோ என்று கேட்டாள். ஏன் என்றேன். சும்மா என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் அந்தக் கதவைச் சாத்துவாள். வெங்காய மணம் வெளியே வராமல் இருக்க என்று நினைக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

கோடை என்றால் மற்றவர்களுக்குக் கடற்கரை. எங்களுக்குச் சீலன் கடையின் பின் மேசை. ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் மூளைக்கு வேலை: யாரை விற்பது, யாரை வாங்குவது.

பேரின்பம் என்னோடு ஊரில் ஒரே வகுப்பில் இருந்தவன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தினேன், அவன் நிறுத்தாமல் படித்துக் கணக்கு வேலை பார்த்து இப்போது ஓய்வு. மடிக்கணினியைத் திறந்து, இருபத்தைந்து வயதுக்குக் கீழே கோல் அடிக்கிறவன் இத்தனை பேர் என்று வாசித்தான். சீலனுக்குப் பின்னால் நின்று தடுக்கிறவன் வேண்டும். அவன் கடை வைத்திருக்கிறவன், எதையும் உள்ளே விடக் கூடாது என்றுதான் யோசிப்பான்.

நான் ஐந்து பெயர் சொன்னேன். எனக்கு உள்ளிருந்து செய்தி வருகிறது. பெட்ரோல் நிலையத்தில் என்னோடு கல்லாவில் நிற்கிற அந்தோணியின் மைத்துனன் கிளப்பின் பயிற்சி மைதானத்தில் புல் வெட்டுகிறான். யாருடைய சப்பாத்து எந்த அளவு என்பதுவரைக்கும் அவனுக்குத் தெரியும். போன கோடையில் நான் சொன்னவர்களில் ஒருவனாவது வந்தானா என்று பேரின்பம் கேட்டான். அவர்கள் வராதது அவர்களுடைய நட்டம்.

ஜூன் 8, ஞாயிறு

ஓசெய்யை விற்றுவிட்டார்கள். ஜெர்மனிக் கிளப் ஒன்றுக்கு.

ஓசெய் எட்டு வயதில் எங்கள் கிளப்புக்கு வந்த பிள்ளை. இடது பக்கத்தால் ஓடினால் கோட்டிலுள்ள சுண்ணாம்பு பறக்கும். அவன் முதல் முறை பெரிய அணிக்கு இறங்கிய நாளில் நானும் ஆரணியும் மழையில் நனைந்துகொண்டு பார்த்தோம். ஆரணி என் மகள். ஒரே பிள்ளை.

கடையில் இன்றைக்கு எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வளர்த்துவிட்டவர்களை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறவன் என்ன பிள்ளை என்று கேட்டேன். போகிறதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் நாங்கள் அறிய வேண்டுமா என்று கேட்டேன். நல்ல விலை வந்தது, விற்றார்கள் என்று சீலன் சமாதானம் சொன்னான்.

“ஒருத்தரும் விக்கேல்லை. அவன் போனவன்,” என்றான் பேரின்பம். “இஞ்சை கிடந்த வரைக்கும் குறை வைக்காமல் ஓடினவன். இனி அவன்ரை கால், அவன்ரை பாதை. உனக்கு ஓசெய்யிலை கோவமில்லை, மச்சான்.”

சீலன் ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தான்.

விஷயம் இதுதான். எழுத விருப்பமில்லை, ஆனால் நாட்குறிப்புக் கொப்பி என்றால் ஒழுங்கு வேண்டும். ஆரணி ஜெர்மனியில் ஆகன் என்ற நகரத்துக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒரு ஜெர்மன்காரனைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு மறுநாள் தொலைபேசியில் சொன்னாள். மறுநாள். முதல் நாள் இல்லை. அந்தக் கிழமை இதே கடையில், இதே மேசையில், அவளுடைய வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போய்விட்டது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கொத்து ரொட்டி வாங்க நின்ற தெரியாத ஆட்களும் கேட்டார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ஓசெய்யின் படத்தைக் கழற்றினேன். அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, முன்பைவிடக் கண்ணில் குத்துகிறது.

ஜூன் 21, சனி

ஆரணிக்கு ஆவணி நடுவில் பிள்ளை பிறக்கும் என்று மங்களம் சொன்னாள். சரி என்றேன். தானும் அந்த மாதம் போய் நின்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். சரி என்றேன். நீங்கள் என்றாள். ஆவணியில் தகுதிச் சுற்று இருக்கிறது, பொறுப்புள்ளவன் வெளிக்கிட முடியாது என்றேன்.

இரவு வரைபடத்தை எடுத்து வைத்து, தகுதிச் சுற்றில் எங்களுக்கு எதிராக வரக்கூடிய கிளப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். விளையாட்டறிவுக்காகத்தான். குலுக்கலில் ஜெர்மனிக்காரர்களின் பெயரும் எங்கள் பெயரும் ஒரே பெட்டியில் இருப்பதால் அவர்களோடு எங்களைப் போட மாட்டார்களாம். ஆனால் ஆகன் நகரம் பெல்ஜிய எல்லையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒல்லாந்தும் பக்கத்தில். உலகம் எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள்.

ஜூலை 6, ஞாயிறு

கோல் அடிக்கப் புது ஆள் வந்துவிட்டான். நோர்வேக்காரன், ஆறடி ஐந்து அங்குலம், கொக்கு மாதிரி நிற்கிறான். உயரமானவன் வருவான் என்று நான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை என்று பேரின்பம். பெயரை மாற்றலாம், உயரத்தை மாற்ற முடியுமா?

வீட்டில் செய்தியை ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. மங்களம் காலையிலிருந்து எதையோ வறுத்து, அரைத்து, அரித்து, பழைய பிஸ்கட் பேணிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கத் தும்மல். என்ன அது என்று கேட்டேன், அவள் ஏதோ சொன்னாள், அந்த நேரம் பார்த்துக் கொக்கு மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டான் என்ற செய்தி வந்தது.

ஜூலை 31, வியாழன்

விடியற்காலையில் தொலைபேசி. நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம், ஆரணிக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டதாம். மங்களம் கையில் அகப்பட்டதையெல்லாம் பெட்டிக்குள் தள்ளினாள். விமான நிலையத்தில் விட்டேன். உள்ளே போகமுன் என் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பெட்ரோல் அடிக்க வந்தவர்களோடெல்லாம் இன்றைக்குக் கொக்கைப் பற்றியே கதைத்தேன். அதிசயம், பாதிப் பேர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு லொறிக்காரர் கை கொடுத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

குலுக்கல் நடந்தது. சீலன் கடையில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். ஒரு கண்ணாடிக் குண்டானிலிருந்து ஒரு மனிதர் உருண்டையை எடுத்துப் பிரித்தார். பெல்ஜியம். லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கிளப். பெயரை உச்சரிக்க நாக்கு இரண்டு வேண்டும். பெல்ஜியக்காரன் என்றே எழுதுகிறேன். முதல் ஆட்டம் அங்கே, 21ஆம் திகதி.

பெல்ஜியம் என்று நான் போன மாதமே சொன்னேன். ஒல்லாந்து, போர்த்துக்கல், ஒஸ்திரியா என்றும் சொன்னேன்தான். அதைப் பேரின்பம் எழுதி வைத்திருந்து வாசித்துக் காட்டினான்.

வீட்டுக்கு வரமுன் மங்களத்திடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. வரைபடம். ஆகனுக்கும் அந்தச் சின்ன ஊருக்கும் நடுவில் சிவப்புக் கோடு, மேலே ரயில் ஓடும் நேரம், ஒரு மணித்தியாலமும் இல்லை. உடனே தொலைபேசி எடுத்தேன்.

“இஞ்சாரும், உமக்கு இந்தக் கோடெல்லாம் போடத் தெரியுமோ?”

“எனக்கெங்கை தெரியும்? ஆரணி அனுப்பச் சொன்னவள். தான் சொன்னதெண்டு சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவள்.”

பின்னால் ஒரு சின்னக் குரல் அழுதது. பூனை போல. வைத்துவிட்டேன், லைன் சரியில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தனியாகச் சமைப்பதில் நான் எங்கேயோ போய்விட்டேன். மங்களம் போன நாளிலிருந்து மீன்குழம்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் என் கையால். அலுமாரியில் இரண்டாம் தட்டில் ஒரு பிஸ்கட் பேணியில் தூள் இருந்தது. மங்களத்தின் வழக்கமான தூள் சிவப்பு, இது மண்ணிறம். இரண்டு கரண்டி தாராளமாகப் போட்டால் ஒரு தனி வாசம், தொண்டையில் ஒரு சூடு, கடைசியில் மெல்லிய கசப்பு. கல்லாவில் நின்று நின்று வந்த இடுப்பு நோவும் இந்தக் கிழமை இல்லை. சமையலில் மனத்திருப்தி வந்தால் உடம்பும் கேட்கிறது.

சீலனுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தான்.

“அண்ணை, வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?”

பொறாமை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டிக்கெட் சரி. கிளப் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொன்னதும் அங்கே கதைத்த பெட்டை, உங்களுடையது ஒரு தனி விஷயம் ஐயா என்றாள். பெல்ஜியத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கிய பகுதியில், கோலுக்கு நேர் பின்னால்.

பேரின்பம் உடனே, உனக்கு எத்தனை புள்ளி இருக்கிறது என்று கேட்டான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கிளப் புள்ளி கொடுக்கும். புள்ளி கூடியவர்களுக்குத்தான் முதலில் டிக்கெட். நான் வெளியூர் போவதில்லை, சனிக்கிழமை வேலை. பழைய ஆதரவாளர்களுக்கு வேறொரு வரிசை இருக்கிறது என்று விளக்கினேன். அவன் மடிக்கணினியைத் திறந்தான், பிறகு என்ன நினைத்தானோ மூடினான்.

“போற வழியிலை எங்கை தங்குவாய்?” என்று மட்டும் கேட்டான்.

மேட்சுக்காகப் போகிறவன் எங்கேயும் தங்குவான். அதில் சத்தியத்தை முறிக்க ஒன்றும் இல்லை என்று கடையிலுள்ள எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மங்களம் தொலைபேசி எடுத்தாள். அவசரத்தில் ஒரு பேணியை மறந்துவிட்டுப் போனாளாம். இரண்டாம் தட்டில் இருக்கிறதாம். பிஸ்கட் பேணி.

“அதுக்குள்ளை என்ன?” என்றேன்.

“சரக்குத்தூள். ஆரணிக்கு வறுத்தது. கொண்டுவந்தது முடியப்போகுது. இஞ்சத்தைக் கடையிலை இருக்கிறதை என்னால நம்பேலாது. தபாலிலை தூள் அனுப்பினால் மறிப்பினமாம். ஆரேன் வந்தால்தான்.”

பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பு இறுக, வயிற்றுப் புண் ஆற, காயச் சரக்குகளை வறுத்து இடித்துக் கறிவைத்துக் கொடுப்பார்கள். முப்பத்தொண்டாம் நாள் தீட்டுக் கழியும்வரை. அந்தச் சரக்கைத்தான் நான் இத்தனை நாளாகக் கத்தரிக்காய்க்குள் போட்டுத் தின்றிருக்கிறேன். இடுப்பு நோ போனது இதனால்தான்.

பேணி பத்திரமாக இருக்கிறது, அப்படியே நிறைய இருக்கிறது என்று சொன்னேன். 20ஆம் திகதி அந்தப் பக்கத்தால்தான் மேட்சுக்குப் போகிறேன், போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன்.

“அதுக்குள்ளை பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்,” என்றாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

பேணியின் அடியில் ஒரு கரண்டித் தூள்தான் மிச்சம் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை சீலன் கடை பூட்டு. பின் கதவால் போனோம், நானும் பேரின்பமும். பேரின்பத்திடம் மட்டும் சொன்னேன், ஒரு சொந்தக்காரருக்குச் சரக்குத்தூள் தேவை என்று. எந்தச் சொந்தக்காரர் என்று அவன் கேட்கவில்லை. அவன் மனைவி காலமான பிறகுதான் அவனுடைய மகள் சுகந்திக்குப் பிள்ளை பிறந்தது. அப்போது இவனே ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு வறுத்தானாம். இவ்வளவு காலப் பழக்கத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை.

மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மிளகு வறுபடமுன் சீரகம் கருகும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடப் பார்த்தேன். கையில் தட்டினான்.

வறுக்க வறுக்கக் கதை திரும்பவும் ஓசெய்யில் போய் நின்றது. புதுக் கிளப்பில் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தானாம். அடித்துவிட்டு எங்கள் கிளப் பாணியில் நெஞ்சில் கை வைத்தானாம். எனக்குத் தெரியும் என்றேன். பார்த்தாயா என்று கேட்டான். தற்செயலாக, என்றேன். நான்கு தரம் தற்செயலாகப் பார்த்ததைச் சொல்லவில்லை.

பேரின்பம் அகப்பையை நிறுத்தினான்.

“மச்சான், ஒண்டு கேக்கிறன். நாங்கள் எட்டாமிடம் வந்திருந்தால் இந்தத் தூளை ஆர் கொண்டுபோயிருப்பினம்?”

மல்லி கருகப் போகிறது என்று நான் அடுப்பைப் பார்த்தேன். கருகவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். புகை கண்ணுக்குள் போய்விட்டது. இந்தத் தூளில் அது ஒரு தொல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பெட்டியில்: கிளப் சால்வை, மழைச் சட்டை, இரண்டு காற்சட்டை, பேணி. ரயில் நிலையத்தில் பெட்டி சோதிக்கிறவர் பேணியைத் திறந்து மூக்கை வைத்தார். வைத்த பிறகு அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, தும்முவதற்குத்தான் நேரம் இருந்தது. கால்பந்துக்கு எதற்கு இது என்று பின்னால் நின்றவர் கேட்டார். எங்கள் முன்னணி வீரர்களுக்குக் கொடுக்கிற விசேஷ மருந்து, கிளப் என்னிடம்தான் கொடுத்தனுப்புகிறது என்றேன். அவர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

பிரசல்ஸில் மாறி, லியேஜ் கடந்து, பின்னேரம் ஆகன். பேணியை நிலையத்தில் மங்களத்திடம் கொடுத்துவிட்டு லியேஜுக்குத் திரும்பி அறை எடுப்பதுதான் திட்டம். மங்களம் வரவில்லை. ஓர் உயரமான மனிதன் வந்திருந்தான், அந்த ஆள். கையில் ஒரு மட்டையில் தமிழில் என் பெயர். “குகதாசன்”. எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நேராக்கிக் கொடுத்தேன்.

“வாங்கோ, மாமா,” என்றான்.

லண்டனில் என்னை எல்லோரும் அங்கிள் என்பார்கள். மாமா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடக்கூடிய ஒரே ஆள் இவன்தான், இவனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஏன் அவனோடு போனேன் என்றால் பெட்டியை அவன் தூக்கிவிட்டான். இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும்: அவர்களுடைய வீடு நாலாம் மாடி. லிஃப்டிலிருந்து இறங்கினால் நடைபாதை, நடைபாதையிலிருந்து நேரே உள்ளே. ஒரே மட்டம். குனிந்து பார்த்தேன். வாசற்படி என்று ஒன்று அந்தக் கட்டடத்திலேயே இல்லை. ஆகவே சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது.

கதவில் ஆரணி நின்றாள். மெலிந்திருந்தாள். தலையைத் துவாயால் சுற்றியிருந்தாள். நான் ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன், லியேஜிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தது.

“அப்பா, மேட்ச் எத்தினை மணிக்கு?”

“நாளைக்கு. எட்டு மணிக்கு.”

“அப்ப இண்டைக்கு என்ன அவசரம்? சப்பாத்தைக் கழட்டுங்கோ.”

கழற்றினேன்.

இரவு மங்களம் சரக்குக் கறி வைத்தாள். ருசி பார்த்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “இது நான் வறுத்தது இல்லை. மிளகு கூட.” என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன், நல்ல மணிக்கூடு. மங்களம் ஆரணிக்கு இரண்டாம் தரமும் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று.

கோலுக்கு நேர் பின்னால் நல்ல இடம். நடுவரின் நெற்றி வியர்வை வரைக்கும் தெரிந்தது. கொக்கு தலையால் அடித்த கோலை நான் நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தேன், ஒரு தரம் மெதுவாகவும் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரன் இருந்தான். கைப்பந்து பார்த்து வளர்ந்தவன், ஆஃப்சைட் என்றால் என்னவென்று தெரியாது. பால் போத்தலைக் கோல்காப்பாளனாகவும், சூப்பானைத் தடுப்பாட்டக்காரனாகவும் வைத்து விளக்கினேன். விளங்கியதும் அவன் நடுவரைத் திட்டினான், சரியான இடத்தில். தேறுவான்.

ரசிகர்களில் ஒருத்தி மிகவும் சின்னவள். இரண்டாம் பாதியில் அழத் தொடங்கினாள். தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். அந்த நேரத்தில்தான் பெல்ஜியக்காரன் சமன் செய்தான். நான் பார்க்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்றைக்குத் திரும்புவதாக இருந்தது. ரயில்கள் நிறைய இருக்கின்றன, ஓடிப்போகாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பேரின்பத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வியாழக்கிழமை லண்டனில் இரண்டாம் ஆட்டம். என் நிரந்தர இருக்கை, பதினெட்டு வருஷமாக ஒரு முக்கிய ஆட்டமும் விடாதது. அதில் நீ போய் இரு என்றேன்.

“ஏன், மச்சான்?” என்றான்.

“ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு. துடக்குக் கழிக்கோணும். பேர் வைக்கோணும். ஐயரும் இல்லாத ஊர், விஷயம் தெரிஞ்ச ஒருத்தன் நிக்க வேண்டாமோ?”

“உனக்கென்ன விஷயம் தெரியும்?”

“நிக்கத் தெரியும்,” என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தோற்றோம். மேலதிக நேரத்தில். கிளப் ஐரோப்பாவை விட்டு வெளியே. கொக்கு ஒரு பெனல்டியை வானத்துக்கு அடித்தான், உயரமானவன் உயரமாகத்தான் அடிப்பான். யோனாஸ் என் தோளில் கை வைத்து, அடுத்த வருஷம் மாமா என்றான். அவன் பெயர் யோனாஸ். முன்னால் எழுதினேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முப்பத்தொண்டு முடிந்தது. யோனாஸின் தாய் கேக் கொண்டுவந்தார், மங்களம் பொங்கினாள். பிள்ளையின் பெயர் மீரா. மூன்று பெயர் சொன்னார்கள், அதில் ஒன்று வைப்பார்கள் என்று நான் முன்னமே சொன்னேன். ஆரணி ஓர் உறையிலிருந்து பழைய சால்வை ஒன்றை எடுத்துப் பிள்ளையின் காலில் போர்த்தினாள். மார்ஷ்கேட் ரோவர்ஸ், சின்னப் பிள்ளை அளவு. ஆறு வயதில் நான் வாங்கிக் கொடுத்தது. ஜெர்மனிக்குப் போனபோது அதையும் கொண்டுபோயிருக்கிறாள். நான் அறைக்குப் போய்ப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அதில் ஒழுங்குபடுத்த அதிகம் இருக்கவில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சீலன் கடை நிரம்பிவிட்டது. பெல்ஜிய ஆட்டத்தை முதலிலிருந்து சொன்னேன். பெல்ஜியக்காரர்கள் வெடித்த வாணம், கோலுக்குப் பின்னால் நாங்கள் பாடிய பாட்டு, கொக்கு என்னை நோக்கி ஓடிவந்து கை காட்டியது. சீலன், அண்ணை, அண்டைக்கு அங்கை மழையாமே, நனைஞ்சியளோ என்று கேட்டான். மழையா? எனக்கு அந்த இடம் கொஞ்சம் இடறியது. வாய் திறக்கமுன் பேரின்பம் சொன்னான்:

“நனைஞ்சவன். எனக்கு அங்கையிருந்து ஃபோன் எடுத்தவன், சளிக் குரல். நீ பிளேன்டீயைக் கொண்டா.”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மடிக்கணினியில் அடுத்த தை மாதம் யாரை வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து ஓசெய்யின் படத்தைப் பழைய இடத்தில் ஒட்டினேன். வெள்ளை மறைந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு படத்துக்கும் இடம் இருந்தது.

இந்தக் கொப்பியில் எழுதியதெல்லாம் நடந்ததுதான், கொஞ்சம் மெருகு போட்டிருக்கலாம். ஒன்று மட்டும் இல்லாதது. டிக்கெட். அன்றைக்குக் கிளப் அலுவலகத்துப் பெட்டை, உங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை ஐயா, இவ்வளவு வருஷத்தில் இது ஒரு தனி விஷயம் என்றாள். போகும்போதே எனக்குத் தெரியும், 21ஆம் திகதி எங்கே இருந்து பார்க்கப்போகிறேன் என்று. ஆரணியின் சோபாவில் இருந்து.

இப்போது ஒரு டிக்கெட் இருக்கிறது. ரயில் டிக்கெட், ஒக்டோபர் மாதத்துக்கு. அந்தக் கிழமை ஐரோப்பாவில் எங்களுக்கு ஒரு ஆட்டமும் இல்லை. தேடிப் பார்த்தேன், ஆகனில் கைப்பந்துகூட இல்லை.